படிக்கிற கை

பாலிக்சி
2012 அக்டோபர் 9

அன்புள்ள குபாத்,

உனக்கு எட்டு வயது இருக்கும்போது என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். மாலைப் படிப்பு நேரம். வெளியே காற்று, எங்கோ கம்பி அறுந்து பள்ளி முழுவதும் கரண்ட் போய்விட்டது. உங்கள் பதினொரு பேருக்கும் கதை வாசித்துக்கொண்டிருந்த நான் வரியின் நடுவில் நின்றுவிட்டேன். ஏன் நிறுத்திவிட்டேன் என்று கேட்டாய். விளக்கு அணைந்துவிட்டது என்றேன். பிறகு, "விளக்கு அணைஞ்சா புள்ளியெல்லாம் எங்க போகும் எஜே?" என்றாய்.

வகுப்பே சிரித்தது. நீ என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, நான் விட்ட வரியை விரலால் தேடிப் பிடித்து, மீதிக் கதையை நீயே வாசித்து முடித்தாய். பார்வையற்ற பிள்ளைகளுக்கு எஜேயாக, அக்காவாக இருந்து பாடம் சொல்ல வந்த எனக்கு அன்று நீங்கள்தான் கதை சொன்னீர்கள்.

கேள்விக்கு அன்று பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். புள்ளிகள் எங்கும் போவதில்லை, குபாத். எனக்குத்தான் தெரியாமல் போகிறது.

உனக்குத் தெரியும், பார்வையுள்ள ஆசிரியர்கள் எல்லோரும் பிரெயில் எழுத்தைக் கண்ணால்தான் படிப்போம். மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகச் சாய்த்து வைத்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிழல் விழும். முப்பத்து நான்கு வருடம் அந்த நிழலைப் பார்த்தே உங்கள் நோட்டுகளைத் திருத்தினேன். நீ பள்ளியை விட்டுப் போன பிறகு இருபத்தெட்டு வருடமாக உன் கடிதங்களையும் அப்படித்தான் படித்தேன். ஒரு நாள்கூட விரலை வைத்துப் பார்த்ததில்லை.

இப்போது கண்ணின் நடுவில் பனிமூட்டம். பத்தை மூன்றால் வகுத்தால் மீதி ஒன்று நிற்குமே, அதுபோல ஓரத்தில் கொஞ்சம் மீதி நிற்கிறது. சர்க்கரை செய்த வேலை. வசந்த காலம் வருவதற்குள் அந்த மீதியும் போகும் என்று தலைநகர் பிஷ்கெக்கில் டாக்டர் சொல்லிவிட்டார். உன் செப்டம்பர் கடிதத்தைப் படிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. கடைசிப் பக்கத்தை ஊகித்துத்தான் படித்தேன்.

ஆகவே, இனி கடிதம் வேண்டாம். போன் செய். யாரிடமும் சொல்லாதே. 'சுவரைப் பிடித்து நடக்காதே, நடு வழியில் நட' என்று உங்களை விரட்டியவள், இன்று காலை கழிப்பறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். கேட்டால் சிரிப்பீர்கள். சிரிப்பது நியாயம்தான்.

உல்கான்


ஓஷ்
2012 அக்டோபர் 24

உல்கான் எஜே, சலாம்.

போன் செய்ய மாட்டேன். போனில் பேசினால் உங்கள் காதுக்கு வேலை இருக்கும். விரல் சும்மா கிடக்கும். நீங்கள் எழுதும் எழுத்தில் ஒரு பிழைகூட இல்லை. எழுதத் தெரிந்த கைக்குப் படிக்கத் தெரியாமல் போகுமா? இந்தக் கடிதத்தை எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொண்டு படியுங்கள். புள்ளிகளை ஆழமாகக் குத்தியிருக்கிறேன். விளக்கு இருக்கும்போதே விரலையும் கொண்டுவந்து வையுங்கள். கண் விரலுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்.

நான் சிரிக்கவில்லை. என் தொழிலில் உங்களைப் போன்றவர்கள்தான் வருகிறார்கள். இங்கே பார்வையற்றோர் சங்கத்தில், துடைப்பம் கட்டும் பட்டறைக்குப் பின்னால் எனக்கு ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா? காகிதத்தில் அதன் பெயர் இசைச் சிகிச்சை. நாங்கள் கொமுஸ் அறை என்கிறோம். புதிதாகக் கண் போனவர்களை ஆஸ்பத்திரி நேராக என்னிடம் அனுப்புகிறது. கைத்தடிக்கு முன்னால், புள்ளி எழுத்துக்கு முன்னால், முதலில் அந்த மூன்று நரம்பு வாத்தியம், கொமுஸ். காரணம் சொல்கிறேன். கண் போன முதல் மாதங்களில் மனிதர்கள் எதையும் தொட மாட்டார்கள். தொட்டால் சுடும், குத்தும், கொட்டும் என்று கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கையில் கொமுஸைக் கொடுத்தால், தொட்டதற்குப் பதில் சொல்லும்.

போன மாதம் அகுன் என்று ஒருவன் வந்தான். சுரங்கத்தில் மண்வெட்டி இயந்திரம் ஓட்டியவன். வெடி விபத்து. நான்கு மாதம் வாயே திறக்கவில்லை என்று மனைவி கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். நான் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கொமுஸை நெஞ்சில் சாய்த்து, வாயை மூடிக்கொண்டு முனகச் சொன்னேன். முனகவில்லை. மூன்று புதன்கிழமை, மூன்று சனிக்கிழமை வந்தான், உட்கார்ந்தான், போனான். ஏழாவது முறை நாங்கள் எல்லோரும் வாசித்துக்கொண்டிருக்கும்போது, "யாருய்யா அது, நடு நரம்பு எறங்கிக் கெடக்கு" என்றான். நான்கு மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு, அதுவும் குறை. அவன் மனைவி வாசலில் நின்று அழுததை நான் கேட்டேன். நடு நரம்பு இறங்கிக் கிடந்தது என்னுடையதில்தான்.

உங்களுக்கு ஒரு கொமுஸ் அனுப்புகிறேன். பிஷ்கெக் வழியாக உங்கள் ஊருக்கு வரும் டாக்சிக்காரன் கையில் கொடுத்தேன். ஆப்ரிகாட் மரம், மூன்று நரம்பும் தூண்டில் நரம்பு, அறுந்தால் உங்கள் ஊர் மீன் கடையிலேயே கிடைக்கும். முதல் வாரம் வாசிக்க வேண்டாம். நெஞ்சில் சாய்த்து, உதடு மூடி, தாழ்ந்த குரலில் முனகுங்கள். மரம் கூடச் சேர்ந்து நடுங்கும். இரண்டாம் வாரம் நடு நரம்பு மட்டும். வலது கையால் தட்டுங்கள், இடது கையால் அழுத்துங்கள்.

ஏழாம் வகுப்பில் என் கொமுஸை வாங்கி ஒரு பருவம் முழுவதும் பீரோவில் வைத்துப் பூட்டினீர்களே, அதே கைக்குத்தான் இதைக் கொடுக்கிறேன். பழிக்குப் பழி.

உங்கள் குபாத்


பாலிக்சி
2012 டிசம்பர் 3

அன்புள்ள குபாத்,

கொமுஸ் வந்தது. டாக்சிக்காரன் அதைத் துணியில் சுற்றிப் பக்கத்து வீட்டுத் துர்சுனாயிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அவள் முகர்ந்து பார்த்துவிட்டு, "ஓஷ்காரன் குதிரைத் தொடைக் கறி அனுப்பியிருக்கான்னு நெனச்சேன். கட்டையால்ல இருக்கு" என்றாள். துர்சுனாயை உனக்குத் தெரியாது. ரயில்வேயில் டிக்கெட் கிழித்தவள், எதையும் சத்தமாகத்தான் சொல்வாள். காலையில் எனக்கு ஊசி போட வருவாள். சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டுத் திட்டிவிட்டுப் போவாள்.

நீ சொன்னபடி முதல் வாரம் முனகினேன். முதல் நாள் என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. இரண்டாம் நாள் ஒரு இடத்தில் மரம் திடீரென்று நெஞ்சோடு சேர்ந்து அதிர்ந்தது. அதைவிட ஏற்றினாலும் இறக்கினாலும் அதிரவில்லை. ஒரே ஒரு இடம். கணக்கில் விடை சரியாக வந்துவிட்டால் தெரியுமே, அப்படி இருந்தது. அன்று மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கினேன். ஆகஸ்டிலிருந்து அப்படித் தூங்கியதில்லை.

இப்போது மூன்று சிறு மெட்டுகள் வருகின்றன. நாளுக்கு ஒரு மணி நேரம் என்று ஆரம்பித்து இரண்டாகிவிட்டது. துர்சுனாய் சுவரைத் தட்டுகிறாள். நிறுத்தச் சொல்கிறாள் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் தாளம் போடுகிறாள் என்று தெரிந்தது. அதுவும் தப்புத் தாளம். போன ஞாயிற்றுக்கிழமை அவளோடு ஏரிக்கரை வரை நடந்தேன். காற்று வாங்க இல்லை, அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஆனாலும் போனேன்.

விரலால் படிப்பதையும் ஆரம்பித்துவிட்டேன். உங்களுக்குச் சொல்லிக் கொடுத்த விதிப்படியே: இடது கை படிக்கும், வலது கை எழுதும். விதி எதற்கு என்று ஒவ்வொரு வருடமும் உங்களுக்கு விளக்குவேன் அல்லவா? கணக்கு நோட்டில் கேள்வியின் மேல் இடது கை இருந்தால்தான், வலது கை குத்தூசியை விடாமல் விடையை எழுத முடியும். இரண்டு வேலையும் ஒரே கைக்குக் கொடுத்தால் பாதி நேரம் இடத்தைத் தேடுவதிலேயே போகும்.

முதலில் எல்லாம் ஒரே மணல். இருபது நாள் கழித்து 'அ' வந்தது. இப்போது ஒரு நாளில் உன் கடிதத்தில் இரண்டு வரி படிக்கிறேன், விளக்கை அணைத்துவிட்டு. 'குதிரைத் தொடை' கதையை எழுதும்போது சிரித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். நரம்பை அழுத்தி அழுத்தி விரல் நுனி எரிகிறது. அது பழகிவிடும் என்று நினைக்கிறேன்.

பீரோவைப் பற்றி நீ எழுதியது வலித்தது. நல்லதற்குத்தான் செய்தேன்.

உல்கான்


ஓஷ்
2012 டிசம்பர் 19

எஜே, சலாம்.

இரண்டு வரி என்றீர்கள். என் அறையில் இருபது நாளில் 'அ' வந்தவர்கள் யாரும் கிடையாது. அகுனிடம் சொன்னேன். "எழுபது வயசுக் கெழவி என்னைத் தோக்கடிக்கிறாளா" என்று கோபித்துக்கொண்டு அன்று கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார்ந்தான். நன்றி.

விரல் எரிச்சல் பழகிவிடும். தோல் தடித்துக்கொண்டால் வலிக்காது. விடாமல் வாசியுங்கள், குறைக்காதீர்கள். நேரத்தைக் கூட்டினால் நல்லது. நடு நரம்போடு மேல் நரம்பையும் சேர்த்து, பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். எங்கள் நர்ஸ் ஒவ்வொரு அமர்வுக்கும் முன்னும் பின்னும் ரத்த அழுத்தம் பார்க்கிறாள். அகுனுக்கு இறங்குகிறது. துர்சுனாயிடம் சொல்லி உங்களுக்கும் பார்க்கச் சொல்லுங்கள்.

சனிக்கிழமைகளில் இப்போது ஒன்று செய்கிறோம். ஒருவர் அறையின் எதிர்ச் சுவரில் நின்று ஒரே சுரத்தை வாசிப்பார். மற்றவர் தடி இல்லாமல் அந்தச் சுரத்தை நோக்கி நடந்து போவார். போன வாரம் அகுன் நேராக வந்து என் மூக்கில் மோதினான்.

பீரோவைப் பற்றி விளையாட்டாகத்தான் எழுதினேன். விடுங்கள். பழைய கதை.

உங்கள் குபாத்


பாலிக்சி
2013 பிப்ரவரி 2

அன்புள்ள குபாத்,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. அதில் என்ன எழுதியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது.

டிசம்பர் கடைசியில் நான்கு வரி வரை வந்தேன். பிறகு குறைய ஆரம்பித்தது. மூன்று, இரண்டு, ஒன்று. ஜனவரி நடுவில் 'அ'வும் போய்விட்டது. தாளின் மேல் விரலை வைத்தால் ஏதோ ஒரு மேடு, அவ்வளவுதான். கஞ்சி ஆறிப் போனால் மேலே ஏடு படியுமே, அதைத் தடவுவது போல. விளக்கும் இனி உதவாது. ஜன்னல் எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரிகிறது. துர்சுனாய் உன் கடிதத்தைத் தூக்கிப் பிடித்து, "ரவை கொட்டின மாதிரி இருக்கு, இதுல என்னத்தப் படிக்க" என்றாள்.

பாலிகிளினிக் போனேன். நர்ஸ் கையை நீட்டச் சொன்னாள். இடது கையை நீட்டினேன். படிக்கிற கை அதுதானே. ஊசியால் குத்திக் குத்திக் கேட்டாள். நான்கு விரல் நுனியிலும் ஒன்றும் தெரியவில்லை. சர்க்கரை கண்ணை முடித்துவிட்டு விரலுக்கு வந்திருக்கிறது, இந்த வயதில் இனி திரும்பாது என்று சொல்லிவிட்டாள். அவள் மேல் கோபம் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது, குபாத். கண் போனால் விரல் இருக்கிறது என்றுதான் முப்பத்து நான்கு வருடம் தாய்மார்களிடம் சொல்லி அனுப்பினேன். விரலும் போனால் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை.

கொமுஸ் இருக்கிறது. அதற்கு விரல் நுனி மரத்திருந்தால் இன்னும் வசதிதான். தினம் மூன்று மணி நேரம் வாசிக்கிறேன். அது இல்லாவிட்டால் இந்த ஜனவரியை நான் தாண்டியிருக்க மாட்டேன். மிகைப்படுத்தவில்லை. ரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது, தூங்குகிறேன், துர்சுனாயின் பேரப் பிள்ளைகள் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து கேட்கிறார்கள். அதை விட மாட்டேன்.

கடிதத்தைத்தான் விடுகிறேன். மகள் மாஸ்கோவுக்கு வரச் சொல்கிறாள். ஐந்தாவது மாடியில் ஓர் அறை, கீழே இறங்க முடியாது, ஆனால் அவளுக்கு நிம்மதி. மார்ச்சில் டிக்கெட் எடுத்து அனுப்புகிறாளாம். இனி போன் செய். இது கடைசிக் கடிதம் என்று வைத்துக்கொள். இருபத்தெட்டு வருடம் எழுதினோம், அது குறைவில்லை.

உல்கான்


ஓஷ்
2013 பிப்ரவரி 14
(இது கண்ணால் படிக்கிற எழுத்தில். எங்கள் நர்ஸ் எழுதித் தருகிறாள். துர்சுனாய் எஜே வாசித்துக் காட்டவும்.)

உல்கான் எஜே, இதோடு இன்னொரு உறை இருக்கிறது. அது புள்ளி எழுத்து. அதை யாரும் உங்களுக்கு வாசித்துக் காட்ட முடியாது. நீங்கள்தான் படிக்க வேண்டும்.

வலது கையால் படியுங்கள். இடது கையால் தொடவே வேண்டாம். கொமுஸை நிறுத்தவும் வேண்டாம்.

டிக்கெட் எடுக்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். மார்ச்சில் நௌரூஸ் பண்டிகை போகட்டும். அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.

துர்சுனாய் எஜே, உங்களுக்கும் சலாம். தாளத்தைக் கொஞ்சம் மெதுவாகப் போடவும்.

குபாத்


ஓஷ்
2013 பிப்ரவரி 14

எஜே,

இதைப் படிக்க உங்களுக்கு எத்தனை நாள் ஆகுமோ தெரியாது. அதனால் முக்கியமானதை முதலில் எழுதுகிறேன். உங்கள் விரல் சாகவில்லை. தோல் தடித்திருக்கிறது. தடிக்க வைத்தது நான்.

உங்கள் கடிதம் வந்த அன்று அதை இரண்டு முறை படித்துவிட்டு அறையில் உட்கார்ந்திருந்தேன். அகுன் வந்தான். பக்கத்தில் உட்கார்ந்து புலம்ப ஆரம்பித்தான். "பைகே, அண்ணே, என் இடது கை வெரலெல்லாம் செருப்புத் தோலாப் போச்சு. பொண்டாட்டி கன்னத்தத் தொட்டா, வெளக்குமாத்தக் கொண்டாந்தியாங்கறா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கவனித்தேன், உங்கள் கடிதத்தை வலது கையில் வைத்திருந்தேன். நான் எப்போதும் வலது கையால்தான் படிக்கிறேன், எஜே. பதின்மூன்று வயதிலிருந்து.

இடது கை நரம்பை அழுத்துகிற கை. அதன் நுனி தடிக்காமல் இருக்காது. வலது கை நகத்தால் தட்டுகிறது. அதன் சதை அப்படியே இருக்கும். கொமுஸ் வாசிக்கிற பார்வையற்றவன் எவனும் இடது கையால் படிக்க முடியாது. இது எனக்கு மூச்சு விடுவது போலப் பழகிப் போனதால் உங்களிடம் சொல்லவே தோன்றவில்லை. விரலால் படியுங்கள் என்றேன், கொமுஸ் வாசியுங்கள் என்றேன். எந்த விரல் என்று சொல்லவில்லை. நீங்கள் உங்கள் விதிப்படி படித்தீர்கள். உங்களை நாலு மாதம் இரண்டு பக்கமும் இழுத்திருக்கிறேன்.

இனி எழுதப்போவதை முப்பத்து மூன்று வருடம் முன்னால் சொல்லியிருக்க வேண்டும்.

ஏழாம் வகுப்பில் என் வாசிப்பு வேகம் பாதியாகக் குறைந்தது. கொமுஸில் மூழ்கிப் படிப்பைக் கெடுத்துக்கொள்கிறேன் என்று நினைத்துப் பூட்டி வைத்தீர்கள். இரண்டு மாதத்தில் வேகம் திரும்பியது. வகுப்பின் முன்னால் என்னை நிறுத்தி, "பாத்தீங்களா, மனசு ஒரு எடத்துல நின்னா எல்லாம் வரும்" என்று என்னை உதாரணமாகக் காட்டினீர்கள். மனசு அல்ல, தடித்த தோல் உரிந்திருந்தது. அது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சொன்னால் கொமுஸை நிரந்தரமாக எடுத்துவிடுவீர்கள் என்று பயம். உங்கள் மேல் கோபமும் இருந்தது. அதை இப்போது மறைத்து என்ன?

திருப்பிக் கொடுத்த பிறகு, விடுதியில் போர்வைக்குள் வலது கையால் படிக்கக் கற்றுக்கொண்டேன். உங்கள் வகுப்பில் மட்டும் இடது கையைத் தாள் மேல் வைத்து, முதல் நாள் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். கொமுஸ் வாசிக்கிற ஆறு பேரும் அப்படித்தான். எங்களுக்குள் அது ஒரு சங்கம்.

சோனுனுக்கு மட்டும் அந்தத் தந்திரம் வரவில்லை. அவள் பொய் சொல்லத் தெரியாதவள். நீங்கள் இடது கை என்றால் இடது கைதான். அவள் கொமுஸை விட்டுவிட்டாள். எங்கள் ஏழு பேரில் அவள்தான் நன்றாக வாசிப்பாள்.

இதை எழுதினால் நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று தெரியும். எழுதாவிட்டால் மாஸ்கோவுக்குப் போய்விடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் குபாத்


பாலிக்சி
2013 ஏப்ரல் 11

அன்புள்ள குபாத்,

உன் கடிதத்தைப் படித்து முடிக்க முப்பத்தெட்டு நாள் ஆனது.

துர்சுனாய் காகிதத்தை வாசித்துவிட்டு முதலில் சொன்னது, "தாளத்த மெதுவாப் போடணுமாம். அவன் வந்து போட்டுக் காட்டட்டும்." பிறகு என் வலது கையைப் பிடித்துத் தாளின் மேல் வைத்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஒவ்வொரு புள்ளியும் தனியாக இருந்தது, குபாத். சேறு போய்க் கூழாங்கல் தெரிந்தது போல. நான் அழுததைப் பார்த்து அவள் கெட்ட சேதி என்று நினைத்துவிட்டாள்.

வலது கைக்கு எழுதத்தான் தெரியும். எழுதும்போது தாளின் பின்பக்கத்தில் வலமிருந்து இடமாகக் குத்திப் பழகிய கை. படிக்கும்போது எல்லாம் இடவலம் மாறி இருந்தது. முதல் பதினெட்டு நாளில் முதல் பத்தி. பிறகு ஒரு நாளைக்கு ஆறு வரி. 'விரல் சாகவில்லை' என்ற வாக்கியத்தைப் படித்த அன்று மகளுக்குப் போன் செய்து, டிக்கெட் வேண்டாம் என்றேன். அவள் கோபித்துக்கொண்டாள். கோடையில் வந்து பார்க்கிறாளாம். வரட்டும்.

மீதிக் கடிதத்தை நான் மெதுவாகப் படித்ததற்கு விரல் மட்டும் காரணமில்லை. பீரோவுக்கு வந்தபோது நான்கு நாள் தாளை மூடி வைத்துவிட்டேன்.

விதியை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அது தப்பான விதி இல்லை. கணக்கு வகுப்புக்குச் சரியான விதி. ஆனால் ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். இரண்டோடு இரண்டைக் கூட்டினாலும் நான்கு, இரண்டை இரண்டால் பெருக்கினாலும் நான்கு. அதைப் பார்த்துவிட்டு ஒரு பிள்ளை, கூட்டலும் பெருக்கலும் ஒன்றுதான் என்று முடிவு செய்துவிட்டால் நாம் என்ன செய்வோம்? மூன்றை வைத்துப் பார் என்போம். நான் மூன்றை வைத்துப் பார்க்கவில்லை. வேகம் குறைந்தது, பூட்டினேன், வேகம் திரும்பியது. விடை வந்துவிட்டது என்று அடிக்கோடு இழுத்துவிட்டேன். கண்ணால் படிக்கிற நான், உங்கள் விரலைப் பற்றி உங்களிடம் கேட்காமல் விதி போட்டேன்.

உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. ஐந்து வருடம் என் முன்னால் மனப்பாடம் ஒப்பித்தாயா? அதற்கு நான் ஐந்துக்கு ஐந்து போட்டேனே. அந்த மதிப்பெண்களை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நடிப்புக்கு வேண்டுமானால் ஐந்து தருகிறேன்.

சோனுனின் முகவரியைப் பிஷ்கெக் சங்கத்தில் கேட்டு வாங்கினேன். நாரினில் ஆஸ்பத்திரி டெலிபோனில் வேலை பார்க்கிறாளாம். அவளுக்கு எழுதினேன். நடந்ததை எழுதி, நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, மன்னித்துவிடு என்று எழுதினேன். ஒரு கொமுஸ் அனுப்பட்டுமா என்றும் கேட்டேன்.

நேற்று பதில் வந்தது. சின்னத் தாள். நானே படித்தேன், ஒரு மணி நேரத்தில். அப்படியே எழுதுகிறேன்:

'எஜே, கோபம் இல்லை. ஒன்றும் நடக்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன். கொமுஸ் வேண்டாம். நான் பாடுகிறேன், அது எனக்குப் போதும். அப்போது நீங்கள் ஒரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இப்போது கேட்டதற்கு நன்றி. உங்கள் கண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டேன். படிக்க முடிந்தால் எனக்கு எழுதுங்கள்.'

அவளுக்கு இன்று காலை எழுதிப் போட்டுவிட்டேன். இன்றைக்கு இரண்டாவது கடிதம் இது.

உன் டிசம்பர் கடிதத்தையும் இந்த வாரம் படித்துவிட்டேன். மே மாதம் ஓஷ் வருகிறேன். துர்சுனாயும் வருகிறாளாம், உன்னிடம் தாளக் கணக்குப் பேச வேண்டுமாம். உன் கொமுஸ் அறையில் ஒரு நாற்காலி போட்டு வை. நான் பாடம் நடத்த வரவில்லை, எதிர்ச் சுவரை நோக்கி நடக்க வருகிறேன்.

அதுவரை ஒன்று செய். புதிதாக யாராவது உன்னிடம் வந்தால், தாளை மேசையில் வைத்து, இரண்டு கைகளையும் அதன் மேல் வைக்கச் சொல். எந்தக் கை என்று நீ சொல்லாதே. அவர்களைக் கேள்.

உல்கான்